ஸ்காட்லாந்தின் வட்டாரக் கோப்பைகள்: லீக்குக்கு வெளியே நடக்கும் நாக் அவுட் போட்டிகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கீத், ராதெஸ் என்று இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இரண்டுமே விஸ்கிக்குப் பேர்போனவை. இடையில் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டு ஊருக்கும் சொந்தமாகக் கால்பந்து கிளப் உண்டு. ஹைலேண்ட் லீக்கில் இந்த இரண்டு கிளப்புகளும் ஒன்றை ஒன்று எதிர்த்து ஆடுகின்றன. ஆனால் வட்டாரக் கோப்பை என்று வந்துவிட்டால் வழி பிரிந்துவிடும். கீத் ஆடுவது அபர்டீன்ஷைர் கோப்பையில், ராதெஸ் ஆடுவது வடக்கு ஸ்காட்லாந்து கோப்பையில். பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தும் இந்தக் கோப்பைகளில் அவர்கள் சந்தித்துக்கொள்ளவே முடியாது.

ஸ்காட்லாந்துக் கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பிக்கும் யாரும் இந்த மாதிரி இடத்தில்தான் குழம்பிப்போவார்கள். கோப்பைகளின் பெயர்கள் ஏராளம். ஒன்றுக்குள் ஒன்று கிடப்பதுபோல் தெரியும். எது பெரியது, எது சின்னது, எதில் யார் ஆடலாம் என்று எங்கேயும் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: இந்தக் கோப்பையை நடத்துவது எந்தச் சங்கம்? லீக் வேறு, வட்டாரச் சங்கம் வேறு. ஒரு கிளப் எந்த லீக்கில் ஆடுகிறது என்பதை வைத்து வட்டாரக் கோப்பையைச் சொல்லிவிட முடியாது. அந்த ஊர் எந்தச் சங்கத்தின் எல்லைக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கீத் பழைய பான்ஃப்ஷைர் மாவட்டத்து ஊர். ராதெஸ் பழைய மோரே மாவட்டத்து ஊர். 1975இல் நிர்வாகச் சீரமைப்பு வந்தபோது அந்தப் பழைய மாவட்டங்கள் கலைக்கப்பட்டன. இன்று இரண்டு ஊரும் ஒரே உள்ளாட்சியின் கீழ்தான் இருக்கின்றன. கால்பந்துச் சங்கங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட கோட்டை அப்படியே வைத்திருக்கின்றன. வரைபடத்தில் அழிந்துபோன எல்லை கோப்பை அட்டவணையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததே இதுதான்.

லீக்குக்கு வெளியே என்றால் யார்?

ஸ்காட்லாந்தில் மேல்மட்டத்தில் நான்கு டிவிஷன்கள். பிரீமியர்ஷிப்பில் 12 கிளப்புகள், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றில் பத்துப் பத்து. மொத்தம் 42. இந்த 42 கிளப்புகளையும் ஒரே அமைப்பு நடத்துகிறது. 2013இல் இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து உருவானது அது. இதற்குள் வராத கிளப்புகளைத்தான் பேச்சுவழக்கில் ‘நான்-லீக்’ என்கிறார்கள். லீக்கே இல்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கும் லீக்குகள் உண்டு. ஐந்தாவது அடுக்கில் வடக்கே ஹைலேண்ட் லீக், தெற்கே லோலேண்ட் லீக். ஹைலேண்ட் லீக் 1893இல் தொடங்கியது. லோலேண்ட் லீக் 2013இல்தான் வந்தது. இவற்றுக்கும் கீழே ஆறாவது அடுக்கில் ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து, வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து, சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து, நார்த் கலிடோனியன் போன்ற லீக்குகள் வருகின்றன.

2014-15 சீசனிலிருந்து கீழே இருப்பவர்கள் மேலே ஏறவும் வழி பிறந்தது. ஹைலேண்ட் சாம்பியனும் லோலேண்ட் சாம்பியனும் மோதுவார்கள். ஜெயித்தவர் லீக் டூவில் கடைசியாக வந்த கிளப்போடு மோதுவார். எடின்பரா சிட்டி, கோவ் ரேஞ்சர்ஸ், கெல்டி ஹார்ட்ஸ், பானிரிக் ரோஸ், ஸ்பார்ட்டன்ஸ் எல்லாரும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கிளப் எவ்வளவு நன்றாக ஆடினாலும், மேலே ஓர் இடம் காலியானாலோ கூடுதலாக உருவானாலோதான், அதுவும் ஓட்டெடுப்பு மூலமாகத்தான், உள்ளே போக முடியும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏறவே முடியாத ஏணியின் கீழே பல பத்தாண்டுகள் இருந்த கிளப்புகளுக்கு வட்டாரக் கோப்பை இரண்டாந்தரப் போட்டி கிடையாது. அவர்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய உச்சமே அதுதான்.

லீக்குகளுக்கு முன்பே பிறந்த கோப்பைகள்

லீக்தான் முக்கியம், கோப்பை என்பது கூடுதல் என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஸ்காட்லாந்தில் வரலாறு தலைகீழ். ஸ்காட்டிஷ் கோப்பை 1873-74இல் தொடங்கியது. முதல் கோப்பையை குயின்ஸ் பார்க் வென்றது. ஸ்காட்டிஷ் லீக் வந்ததோ 1890இல். இடைப்பட்ட பதினேழு வருடங்கள் கிளப்புகள் என்ன செய்தன? நட்பு ஆட்டங்கள் ஆடின, கோப்பைகளில் ஆடின. அவ்வளவுதான். நட்பு ஆட்டத்தை நம்பிக் கூட்டம் சேர்க்க முடியாது. எதிரணி வராமலே போய்விடும், வந்தாலும் பாதிப் பேர்தான் வருவார்கள். கோப்பை ஆட்டத்துக்குத்தான் தேதியும் விதியும் பணயமும் இருந்தன. அதனால் வட்டாரம் வட்டாரமாகச் சங்கங்கள் அமைத்து ஆளுக்கொரு கோப்பையை வைத்தார்கள். எடின்பராவில் 1875இல், ஃபார்ஃபர்ஷைரில் 1883இல், அபர்டீன்ஷைரிலும் கிளாஸ்கோவிலும் 1887இல்.

அந்த எடின்பராக் கோப்பைதான் பிற்பாடு ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து ஷீல்டு ஆனது. 1878இல் நடந்த அதன் இறுதிப்போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மோதியவர்கள் எடின்பராவின் இரண்டு கிளப்புகளான ஹார்ட்ஸும் ஹிப்ஸும். இரண்டு கிளப்புகளும் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முதல் ஆட்டம் சமநிலை. பெனால்டி ஷூட் அவுட் என்ற ஒன்றே அப்போது கிடையாது, ஆகவே மறு ஆட்டம் வைத்தார்கள். அதுவும் சமன். மூன்றாவது, நான்காவது ஆட்டங்களும் அப்படியே. ஐந்தாவது ஆட்டத்தில் ஹார்ட்ஸ் 3-2 என்று ஜெயித்தது. ஜெயித்த கையோடு ஹார்ட்ஸ் கேப்டன் டாம் பர்டியை ஹிப்ஸ் ரசிகர்கள் தெருவில் விரட்டினார்கள் என்று சொல்வார்கள். இன்று நாடே பார்க்கும் எடின்பரா டெர்பிக்கு, அதாவது இந்த ஒரே ஊர்க் கிளப்புகளின் மோதலுக்கு, அந்தக் காரத்தை ஏற்றியது ஒரு வட்டாரக் கோப்பைதான். இப்போதும் அந்த ஷீல்டு இருக்கிறது. இரண்டு கிளப்புகளும் தங்கள் இளைஞர் அணிகளை அனுப்புகின்றன.

பெரிய கிளப்புகள் வளர வளர வட்டாரக் கோப்பைகளில் அவற்றுக்கு ஆர்வம் குறைந்துபோனதை இது காட்டுகிறது. வடக்கு ஸ்காட்லாந்துக் கோப்பையிலும் இதைப் பார்க்கலாம். இன்வெர்னஸ் நகரத்தின் கலிடோனியன், திசில் என்ற இரண்டு ஹைலேண்ட் லீக் கிளப்புகள் 1994இல் ஒன்றாகி இன்வெர்னஸ் கலிடோனியன் திசில் ஆனது. அதே வருடம் ராஸ் கவுண்டியோடு சேர்ந்து அது தேசிய லீக்குக்குள் போனது. 2000இல் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக்கை அதன் சொந்த மைதானத்திலேயே 3-1 என்று வீழ்த்தியது. 2015இல் ஸ்காட்டிஷ் கோப்பையையே வென்றது. அதன் பிறகும் வடக்குக் கோப்பைக்கு அது அணி அனுப்பாமல் இல்லை; முதல் அணி வராது, இளைஞர்கள் வருவார்கள். அந்த நகரத்தின் மூன்றாவது பழைய கிளப்பான கிளாக்னகடின், ரசிகர்கள் வாயில் ‘கிளாக்’, இணைப்பில் சேராமல் ஹைலேண்ட் லீக்கிலேயே தங்கிவிட்டது. அவர்களுக்கு வடக்குக் கோப்பை இன்றும் முதல் அணியின் கோப்பைதான். ஒரே போட்டிக்கு ஒரு கிளப் பையன்களை அனுப்புகிறது, இன்னொன்று தன் பலம் முழுவதையும் இறக்குகிறது. முடிவுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

36-0 தந்த பாடம்

வட்டாரக் கோப்பைகள் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்ப காலத்தில் ஸ்காட்டிஷ் கோப்பையில் யார் வேண்டுமானாலும் சேரலாம். முதல் சுற்றிலேயே மலையும் மடுவும் மோதும். 1885 செப்டம்பர் 12ஆம் தேதி ஆர்பிரோத் கிளப் அபர்டீனிலிருந்து வந்த பான் அக்கார்ட் அணியை 36-0 என்று தோற்கடித்தது. ஜான் பெட்ரி என்ற பதினெட்டு வயதுப் பையன் மட்டும் 13 கோல் போட்டான். ஆர்பிரோத்தின் கோல்கீப்பர் ஆட்டம் முழுவதும் பந்தையே தொடவில்லை, மழைக்கு ஒரு பார்வையாளரின் குடைக்குள் ஒதுங்கி நின்றார் என்று ஒரு கதை. அதே நாள், பக்கத்தில் டண்டீயில், டண்டீ ஹார்ப் அபர்டீன் ரோவர்ஸை 35-0 என்று வென்றது. நடுவர் குறித்துவைத்திருந்தது 37 கோல்கள், ஹார்ப் நிர்வாகியே “இல்லை, 35தான்” என்று குறைத்துச் சொன்னார் என்றும் சொல்வதுண்டு. அது உண்மையானால், நேர்மைக்குக் கிடைத்த பரிசு உலக சாதனை கைநழுவிப் போனதுதான்.

இப்படியான ஆட்டங்களால் யாருக்கும் லாபமில்லை. தோற்றவர்களுக்குப் பயணச் செலவும் அவமானமும் மிச்சம். ஜெயித்தவர்களுக்கும் அடுத்த வாரம் கூட்டம் கூடாது. 1895இல் ஸ்காட்டிஷ் தகுதிக் கோப்பை வந்தது. சின்ன கிளப்புகள் முதலில் தங்களுக்குள் மோத வேண்டும். கடைசிச் சுற்றுகள்வரை தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் பெரிய கோப்பைக்குள் அனுமதி. பிற்பாடு இதுவே வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. நூறு வருடத்துக்கு மேல், ஹைலேண்டிலோ எல்லைப்புறத்திலோ உள்ள ஒரு கிளப்புக்கு கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸையோ செல்டிக்கையோ சந்திக்க இருந்த ஒரே பாதை இதுதான்.

2007இல் தகுதிக் கோப்பையை நிறுத்தினார்கள். தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் எல்லாக் கிளப்புகளும் நேரடியாக ஸ்காட்டிஷ் கோப்பையில் நுழையலாம் என்று விதி மாறியது. ஜூனியர் கோப்பையை (இது சிறுவர் போட்டி அல்ல, பிறகு விளக்குகிறேன்) வென்ற கிளப்புக்கும் கதவு திறந்தது. தெற்கே, தகுதிக் கோப்பை விட்டுப்போன இடத்தில் சவுத் சேலஞ்ச் கோப்பை என்று புதிதாக ஒன்று முளைத்தது. இது எதற்கும் தகுதி தராது, வென்றால் கோப்பை மட்டும்தான். அப்படியும் ஆட ஆள் குறையவில்லை. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து தகுதிக் கோப்பை என்ற பெயரில் ஒரு போட்டியைப் பார்ப்பீர்கள். அதை வென்றால் ஸ்காட்டிஷ் கோப்பைக்குத் தகுதி கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் பழையது, வேலை மாறிவிட்டது. இன்று ஸ்காட்டிஷ் கோப்பையில் நுழைய வேண்டுமென்றால் ஒரு கிளப் தேசியச் சங்கத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு மைதான வசதி, நிர்வாக ஒழுங்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உரிமம் இல்லாதவர்கள் தங்கள் லீக்கையோ ஜூனியர் கோப்பையையோ வெல்ல வேண்டும். உரிமமும் இல்லை, பட்டமும் இல்லை என்றால்? கிழக்கு வட்டாரத்தில் அப்படிப்பட்ட கிளப்புகளுக்கென்றே அலெக்ஸ் ஜாக் கோப்பை இருக்கிறது. பெரிய கோப்பைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு சொந்தக் கோப்பை. அருமையான ஏற்பாடு என்பேன்.

நாக் அவுட் எப்படி நடக்கிறது?

கணக்கு மிக எளிது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறும். கடைசியில் ஓர் அணி மிஞ்ச வேண்டும். ஆக, எத்தனை கிளப்புகள் சேர்ந்தாலும், அதில் ஒன்றைக் கழித்தால் மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

ஹைலேண்ட் லீக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். இது வட்டாரச் சங்கத்தின் கோப்பை அல்ல, லீக்கே நடத்துவது. ஆகவே கீத்தும் ராதெஸும் இதில் சந்திக்க முடியும். லீக்கில் 18 கிளப்புகள். நாக் அவுட் சீராக ஓட வேண்டுமென்றால் 16 கிளப்புகள் இருக்க வேண்டும்: 16, 8, 4, 2 என்று பாதி பாதியாகக் குறையும். 18இல் இரண்டு அதிகம். என்ன செய்வது? முதலில் நான்கு கிளப்புகளை மட்டும் இரண்டு ஆட்டங்களில் மோதவிடுவார்கள். இரண்டு பேர் வெளியேறுவார்கள். மீதி 14 கிளப்புகளுக்கு அந்தச் சுற்றில் ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. 14உம் 2உம் சேர்ந்தால் 16. மொத்தம் 17 ஆட்டங்களில் கோப்பை முடிந்துவிடும். அதே 18 கிளப்புகள் லீக் என்று ஆடினால் ஒவ்வொரு கிளப்பும் 34 ஆட்டங்கள் ஆட வேண்டும்.

யாரோடு யார் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். முதலில் வரும் பெயருக்குச் சொந்த மைதானம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் வடக்கே விக் அகாடமி கிளப்பின் ஹார்ம்ஸ்வொர்த் பார்க்குக்கு ஆடப் போவது என்றால், இன்வெர்னஸிலிருந்தே சுமார் 165 கிலோமீட்டர். அபர்டீனிலிருந்து என்றால் அதற்கு இரண்டு மடங்கு. ஆடப் போகிறவர்கள் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்களும் இல்லை. எண்ணெய்க் கிணற்றிலோ பள்ளியிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள். வட்டாரத்துக்குள்ளேயே கோப்பையை முடித்துக்கொண்டதற்கு இந்தத் தூரம்தான் முதல் காரணம். வார நாளில் மாலை ஆட்டம் வைத்தால், முடிந்து வீட்டுக்குப் போய் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்ப வேண்டும். வடக்குக்கென்று ஒரு கோப்பை, வடகிழக்குக்கென்று ஒரு கோப்பை என்று பிரித்துவைத்ததில் இந்தக் கவலை தெளிவாகத் தெரிகிறது.

ஆட்டம் சமனில் முடிந்தால்? 1878போல் ஐந்து ஆட்டம் ஆட இன்று யாருக்கும் நேரமில்லை. பல வட்டாரக் கோப்பைகளில் கூடுதல் நேரமே கிடையாது. 90 நிமிடம் முடிந்ததும் நேராகப் பெனால்டி. இறுதிப்போட்டியைப் பெரும்பாலும் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத மூன்றாவது கிளப்பின் மைதானத்தில் வைப்பார்கள்.

சரி, ஒரு கிளப்பின் சீசன் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கடலோர ஊரான பக்கியின் பக்கி திசில் கிளப். ஹைலேண்ட் லீக், ஹைலேண்ட் லீக் கோப்பை, ஸ்காட்டிஷ் கோப்பை, அபர்டீன்ஷைர் கோப்பை, போதாததற்கு அபர்டீன்ஷைர் ஷீல்டு. கோப்பை வேறு, ஷீல்டு வேறு. இரண்டையும் ஒரே சங்கம்தான் நடத்துகிறது. 2024 ஜனவரியில் இதே பக்கி திசில் ஸ்காட்டிஷ் கோப்பைக்காக கிளாஸ்கோ போய் செல்டிக்கிடம் 5-0 என்று தோற்றது. ஊரே திரண்டு போன ஆட்டம் அது. அந்த சீசனின் ஹைலேண்ட் லீக் பட்டத்தையும் அவர்களே வென்றார்கள். செல்டிக் பார்க்கில் ஆடுவது வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. ஃப்ரேசர்பராவையோ ஹன்ட்லியையோ வீழ்த்தி அபர்டீன்ஷைர் கோப்பையைத் தூக்குவது வருடா வருடம் கைக்கெட்டும் கனவு. இரண்டும் வேறு வேறு சந்தோஷங்கள்.

தெற்கே போனால்

தென்மேற்கு மூலையில், டம்ஃப்ரீஸ், கேலோவே பகுதியில், சவுத் ஆஃப் ஸ்காட்லாந்து லீக் நடக்கிறது. த்ரீவ் ரோவர்ஸ், செயின்ட் கத்பர்ட் வாண்டரர்ஸ், நியூட்டன் ஸ்டூவர்ட், க்ரீடவுன், ஏபி வேல் என்று சின்னச் சின்ன ஊர்களின் கிளப்புகள். சுமார் ஒரு டஜன் கிளப்புகள்தான். பன்னிரண்டு கிளப்புகள் என்றால் ஆளுக்கு 22 லீக் ஆட்டங்கள், சீசன் நிரம்பாது. மீதி சனிக்கிழமைகளை எதை வைத்து நிரப்புவது? கோப்பைகளை வைத்து. சதர்ன் கவுண்டீஸ் கோப்பை, பாட்ஸ் கோப்பை, ட்வீடி கோப்பை, க்ரீ லாட்ஜ் கோப்பை, ஹெய்க் கார்டன் நினைவுக் கோப்பை என்று பட்டியல் நீளும். கிளப்புகள் குறையக் குறையக் கோப்பைகள் கூடும் என்பது கேட்க விநோதமாக இருக்கும். காரணம் தெரிந்தால் நியாயமாகப் படும். வடகோடியில் நார்த் கலிடோனியன் லீக்கிலும் இதே கதைதான். ஆர்க்னி தீவுக் கிளப்பும் ஆடும் அந்தச் சிறிய லீக், லீக் பட்டம் போகத் தன் பங்குக்கு ஃபுட்பால் டைம்ஸ் கோப்பை, ஜாக் மக்காய் கோப்பை, சிக் ஆலன் கோப்பை என்று வரிசையாக வைத்திருக்கிறது.

மேற்கே நிலைமை வேறு. அங்கே ‘ஜூனியர்’ கால்பந்து என்று ஒரு தனி உலகமே இருந்தது. ஜூனியர் என்றால் சிறுவர்கள் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்தவர்கள் ஆடும், தனிச் சங்கத்தின் கீழ் நடந்த கால்பந்து அது. 1886இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஜூனியர் கோப்பைதான் அதன் மணிமகுடம். ஏர்ஷைரின் சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் இதில் கொடிகட்டிப் பறந்தன. ஆச்சின்லெக் டால்பட் இந்தக் கோப்பையை மற்ற எவரையும்விட அதிக முறை வென்ற கிளப். அதன் பரம எதிரி கம்னாக் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தக் கிளப்புகளின் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் தேசிய லீக்கின் கடைசி டிவிஷனில் உள்ள சில கிளப்புகளுக்கே கனவு.

பல பத்தாண்டுகள் ஜூனியர் உலகமும் மற்ற கால்பந்தும் தண்டவாளங்கள்போல் சேராமலே ஓடின. 2018இல் கிழக்கே ஜூனியர் கிளப்புகள் பெருங்கூட்டமாக ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீக்குக்கு மாறின. 2020இல் மேற்கு வட்டார ஜூனியர்கள் மொத்தமாக வந்து சேர, வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீக் உருவானது. இதன் விளைவு என்னவென்று காட்டியது டார்வெல். ஏர்ஷைரில் லேஸ் துணிக்குப் பெயர்போன சிற்றூர் அது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பிறந்தது அதன் பக்கத்துப் பண்ணையில்தான். 2023 ஜனவரி 23, திங்கள் இரவு, ஸ்காட்டிஷ் கோப்பை நான்காவது சுற்றில், ஆறாவது அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த டார்வெல், ஜோர்டன் கர்க்பாட்ரிக் போட்ட ஒரே கோலில் அபர்டீனை 1-0 என்று வீழ்த்தியது. 1983இல் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் கோப்பையைத் தூக்கிய அதே அபர்டீன். சில நாட்களில் அபர்டீன் பயிற்சியாளரின் வேலை போனது. அடுத்த லீக் ஆட்டத்தில் வாங்கிய 6-0 தோல்வியும் அதில் சேர்த்தி.

அந்த இரவைப் பார்த்து உலகம் வியந்தது. ஜூனியர் உலகத்தைத் தெரிந்தவர்கள் அவ்வளவாக வியக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பே, 2019இல், இதே சுற்றில் ஆச்சின்லெக் டால்பட் தேசிய லீக் கிளப்பான ஏர் யுனைட்டெடை 1-0 என்று வென்றிருந்தது. வருடா வருடம் தோற்றால் வெளியே என்ற நெருக்கடியில், சேறும் சரிவுமான மைதானங்களில், பக்கத்து ஊர்க்காரர்களின் கூச்சலுக்கு நடுவே ஆடிப் பழகியவர்கள் இவர்கள். நாக் அவுட் ஆட்டத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது சவுத் சேலஞ்ச் கோப்பைக்கு வருவோம். லோலேண்ட் லீக், அதன் கீழே கிழக்கு, மேற்கு, தெற்கு லீக்குகள் என்று தென்பாதி முழுவதற்கும் பொதுவான கோப்பை இது. ஜூனியர்கள் வந்து சேர்ந்த பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகள் ஆடும் போட்டியாக இது ஊதிவிட்டது. 128 கிளப்புகள் என்றால் ஏழு சுற்று. அதைத் தாண்டினால் எட்டு. அதாவது, லோலேண்ட் லீக் கிளப்பும் அதன் கீழுள்ள லீக் ஒன்றின் கடைசி டிவிஷன் கிளப்பும் ஒரே குடுவையிலிருந்து எடுக்கப்படுகின்றன. 1967இல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸை 1-0 என்று வீழ்த்திய பெரிக் ரேஞ்சர்ஸ், 2019இல் தேசிய லீக்கிலிருந்து கீழே இறங்கிய பிறகு, இந்தத் தென்பாதிக் கிளப்புகளின் கூட்டத்தில்தான் இருக்கிறது. பெரிக் ஊர் இங்கிலாந்துக்குள் இருந்தாலும் கிளப் ஸ்காட்லாந்தில் ஆடுகிறது. போகிறபோக்கில் ஒரு தகவல் அது.

தகுதி எதுவும் தராத இந்தக் கோப்பையில் ஏன் ஆடுகிறார்கள் என்று கேட்டேன் அல்லவா? கோப்பையே இல்லையென்றால் இந்தக் கிளப்புகள் ஒருபோதும் சந்திக்காது. எல்லைப்புறக் கோல்ட்ஸ்ட்ரீமும் ஏர்ஷைர்க் கிளப்பும் லீக்கில் ஒன்றாக ஆட வழியே இல்லை. ஒரு பேருந்து நிறைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் இதுவரை பார்க்காத ஒரு மைதானத்துக்குப் போகிறார்கள். அந்த மைதானத்துக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணமும், ‘பை’ என்ற இறைச்சிப் பலகாரமும் ‘பாவ்ரில்’ என்ற சூடான மாட்டிறைச்சிச் சாறும் விற்ற காசும், குலுக்கல் சீட்டுப் பணமும் கிடைக்கிறது. சின்ன கிளப்புக்கு ஒரு நல்ல கோப்பை ஆட்டம் என்பது பல மாத மின்கட்டணம். அப்புறம், லீக்கில் எட்டாவது இடத்தில் தத்தளிக்கும் அணிக்கும் மார்ச் மாதத்தில் ஓர் அரையிறுதி இருந்தால் பயிற்சிக்கு ஆள் தவறாமல் வருவார்கள்.

நீங்களே பின்தொடர நினைத்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். கோப்பைப் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் விளம்பரதாரர் பெயரைத் தள்ளிவிட்டுப் படியுங்கள். அது சில வருடத்துக்கு ஒருமுறை மாறும், அடியில் இருக்கும் பெயர் மாறாது. அடுத்து, நடத்துவது வட்டாரச் சங்கமா, லீக்கா என்று பாருங்கள். லீக் கோப்பை என்றால் அந்த லீக்கின் எல்லாக் கிளப்புகளும் இருக்கும். சங்கத்தின் கோப்பை என்றால் பழைய மாவட்ட எல்லை பேசும். மூன்றாவது, அணிப் பட்டியலில் பெரிய கிளப் ஒன்றின் பெயரைக் கண்டால் அது முதல் அணியா, இளைஞர் அணியா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிளப்பிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், நான் வடக்கைச் சொல்வேன். கிளப்புகள் குறைவு, சங்கங்கள் இரண்டுதான் பிரதானம், யார் எங்கே ஆடுகிறார்கள் என்று சீக்கிரம் பிடிபட்டுவிடும். வடக்குக் கோப்பைக்கு ப்ரோரா ரேஞ்சர்ஸ் நல்ல தேர்வு. 2021 மார்ச்சில் ஹார்ட்ஸை 2-1 என்று வீழ்த்தியவர்கள் இவர்கள். அபர்டீன்ஷைர் பக்கம் என்றால் ஃப்ரேசர்பரா. ஒரு சீசன் இந்த இரண்டு கிளப்புகளின் ஆட்ட அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே போதும். லீக், லீக் கோப்பை, சங்கக் கோப்பை, ஸ்காட்டிஷ் கோப்பை நான்கும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரிந்துவிடும். தெற்கின் எட்டுச் சுற்றுக் கோப்பைக்கு அதற்குப் பிறகு போகலாம்.